பால் காய்ச்ச ஒரு வீடு

தேக்காவில் செல்லக்கண்ணுவின் மசாலா மில்லைத் தெரியாதவர்கள் கிடையாது. தெரியாமல் அந்தப் பக்கம் போனவர்களையும் அவர்களுடைய மூக்கே பிடித்து நிறுத்திவிடும். விடிந்தால் மிளகாய், வெயில் ஏறினால் மல்லி, மாலையில் மஞ்சள் என்று எந்நேரமும் ஏதாவது அரைபட்டுக்கொண்டே இருக்கும். மில்லுக்கு மேலே மச்சில்தான் குடித்தனம். மனைவி பூவம்மா, அடுத்தடுத்துப் பிறந்த இரண்டு பெண்கள், இவர்களோடு சரிபாதி இடத்தை அடைத்துக்கொண்டு மிளகாய் மூட்டைகள். அந்தப் பெண்களுக்குத் தும்மல்தான் முதலில் வந்தது. பேச்சு அதற்குப் பிறகுதான்.

பூவம்மாவுக்கு ஒரே ஒரு ஆசை.

"எனக்கு மாளிகை வேணாங்க. நம்மளுதுன்னு ஒரு வீடு. அதுல ஒரு நாள் பால் காய்ச்சணும். அந்தப் பால் மொளகா வாடை இல்லாம பொங்கணும். அம்புட்டுத்தான்."

சொன்னதோடு நிற்கவில்லை. சிராங்கூன் ரோட்டுப் பாத்திரக் கடையில் ஒரு பித்தளைப் பானை வாங்கி, மஞ்சள் துணியில் சுற்றி, மச்சின் உத்தரத்தில் கட்டித் தொங்கவிட்டாள். படுத்தால் அதுதான் இரண்டு பேர் கண்ணிலும் படும்.

இந்த ஆசையை நிறைவேற்ற மற்றவர்கள் என்ன செய்வார்கள்? கொஞ்சம் கொஞ்சமாகக் காசு சேர்த்து, பத்திரம் சரியாக இருக்கும் ஒரு சின்ன வீட்டை வாங்குவார்கள். செல்லக்கண்ணு அப்படிப்பட்ட சாதாரண ஆள் இல்லை. அவருக்கு மூளை இருந்தது. அந்தக் குடும்பத்துக்கு வந்த சோதனையே அதுதான்.

"நல்ல பத்திரம் இருக்குற வீட்டை எந்த மடையனும் வாங்குவான். வில்லங்கத்துல கிடக்குற வீட்டை வாங்குறவன்தான் கெட்டிக்காரன்" என்பார்.

ஜப்பான்காரன் வந்துபோன பிறகு ஊரில் அப்படிப்பட்ட வீடுகளுக்குப் பஞ்சமில்லை. சொந்தக்காரன் கப்பலேறி ஊருக்குப் போயிருப்பான், திரும்பியிருக்க மாட்டான். வருஷக்கணக்கில் வீட்டு வரி நிற்கும். கதவில் நோட்டீஸ் ஒட்டுவார்கள். யாரும் வந்து கட்டாவிட்டால் ஏலத்துக்கு வரும். விலை அடிமட்டம்தான், ஏனென்றால் அப்படிப்பட்ட வீடு எதற்கும் தலைகால் தெரியும் பத்திரம் இருக்காது.

எந்த வீட்டில் நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது என்று தெரிந்துகொள்ள அவர் எங்கும் அலையவில்லை. மிளகாய் அரைக்க வரும் பெண்கள் ஊர்க்கதை அத்தனையும் மில்லில்தான் கொட்டுவார்கள். "எங்க சந்துல கடைசி வீட்டுக் கதவுல காயிதம் ஒட்டிட்டுப் போயிருக்கான்" என்று ஒருத்தி சொன்னால் போதும், அவளுடைய மல்லி இன்னொரு சுற்று ஓடி பவுடர் மாதிரி வெளியே வரும். சேதி கொண்டுவராதவள் கொரகொரப்பாகத்தான் வாங்கிக்கொண்டு போக வேண்டும்.

இந்தத் தொழிலுக்கு அவர் வைத்திருந்த சட்டம் ஒன்றே ஒன்றுதான். பழைய சொந்தக்காரனின் வாரிசுகளை எந்தக் காரணம் கொண்டும் தேடக் கூடாது. "அவங்க பாட்டுக்கு எங்கயோ நிம்மதியா இருக்காங்க. நாமளே போய், உங்களுக்கு இங்க பங்கு இருக்குன்னு எழுப்பிவிடணுமா?" என்று கேட்பார். கேட்கிறவர்கள் ஆகா என்று தலையாட்டுவார்கள்.

முதலில் வாங்கியது கிராஞ்சியில் கடலோரமாக ஒரு துண்டு நிலம். நில அளவைப் படத்தில் பார்க்க நாலு மூலையும் கச்சிதமாக இருந்தது; அதனால் நேரில் பார்க்க வேண்டும் என்று அவருக்குத் தோன்றவில்லை. நல்ல நாள் பார்த்து, உத்தரத்திலிருந்து பானையை அவிழ்த்து, கைக்குழந்தையோடு பஸ்ஸில் போய், அங்கிருந்து ஒரு லாரிக்காரரைக் கெஞ்சி ஏறிப் போனார்கள். போய் இறங்கினால் எதிரே தண்ணீர். நாலா பக்கமும் பார்த்தார், தண்ணீரேதான். பக்கத்தில் இறால் குட்டை வைத்திருந்த சீனக் கிழவர் படத்தை வாங்கிப் பார்த்துவிட்டுப் பொக்கை வாயால் சிரித்தார்.

"பாகி அடா, பெத்தாங் தாடா லா."

காலையில் இருக்கும், சாயங்காலம் இருக்காது என்று மலாயில் அதற்கு அர்த்தம். செல்லக்கண்ணு கொஞ்ச நேரம் திருதிருவென்று விழித்தார். பிறகு பெண்டாட்டியிடம், "கடல் காத்து எப்படி வருது பாத்தியா?" என்றார்.

பூவம்மா திரும்பி வரும் வழியெல்லாம் ஒரு தொடையில் குழந்தையையும் ஒரு தொடையில் பானையையும் வைத்துக்கொண்டு ஜன்னலைப் பார்த்தபடி வந்தாள். அந்த நிலத்தைக் கடைசியில் இறால் கிழவருக்கே எழுதிக் கொடுத்தார். பதிலுக்குச் சனிக்கிழமைதோறும் ஒரு கூடை இறால் வந்தது. மில்லில் அதை, "கிராஞ்சிப் பக்கம் நமக்கு ஒரு சொத்துலேருந்து வருமானம் வருது" என்று சொல்லிக்கொண்டார்.

இரண்டாவது, டன்லப் ஸ்திரீட்டுக்குப் பின்னால் ஒரு சந்தில் மாடி வீடு. இந்த முறை நேரில் போய்ப் பார்த்தார். மாடி இருந்தது, கூரை இருந்தது, ஜன்னல்கூட இருந்தது. ஏலத்தில் எடுத்து, பூவம்மாவையும் பானையையும் கூட்டிக்கொண்டு போனால் படிக்கட்டுக் கதவில் பூட்டு தொங்குகிறது. பக்கத்து வீட்டுத் தங்கராஜு அஞ்சடி நடைபாதையில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். வெங்காய மொத்த வியாபாரி. அவசரமே இல்லாத மனுஷன்.

"மாடி உங்களுதுதான் செல்லக்கண்ணு. நா இல்லேங்கல. படி மட்டும் என்னுது. பத்திரத்துல பாருங்க, என் வீட்டு எல்லையில வருது. பறந்து போறதுன்னா தாராளமா போங்க."

பத்திரத்தை விரித்துப் பார்த்தால் அப்படித்தான் இருந்தது. செல்லக்கண்ணு தளரவில்லை. தெருப் பக்கமாக ஒரு ஏணி வைத்துவிட்டால் ஜன்னல் வழியாகப் போய்வரலாமே என்று யோசனை சொன்னார்.

"ஏணி வெச்சு ஏறிக் குடும்பம் நடத்த நா என்ன பெயிண்ட் அடிக்கவா வந்தேன்?" என்று பூவம்மா தெருவென்றும் பாராமல் கத்திவிட்டாள். வாங்கி வந்த பாலைச் சந்திலிருந்த பூனைகளுக்கு ஊற்றினாள். ஒன்றரை வருஷம் பல்லைக் கடித்துக்கொண்டு வைத்திருந்துவிட்டு, தங்கராஜு கேட்ட விலைக்கே அவர் தலையில் கட்டினார் செல்லக்கண்ணு. தங்கராஜு அந்த ஒன்றரை வருஷமும் அதே நாற்காலியில்தான் உட்கார்ந்திருந்தார்.

ஊர் அவருக்கு 'வில்லங்கம்' செல்லக்கண்ணு என்று பெயர் வைத்தது. அதை அவர் ஏதோ பட்டம் கொடுத்த மாதிரி வாங்கிக்கொண்டார்.

மூன்றாவது வீடுதான் அவரைப் பிடித்துக்கொண்டது. ஐம்பத்தேழாம் வருஷம், நோரிஸ் ரோட்டுப் பக்கம், ஒற்றை மாடிகூட இல்லாத ஓட்டு வீடு. சொந்தக்காரர் யாக்கூப் மரைக்காயர் ஜப்பான் சண்டைக்கு முன்னால் நாகப்பட்டினம் போனவர், அங்கேயே காலமாகிவிட்டார். வரி நின்றது, ஏலம் வந்தது. படிக்கட்டுப் பிரச்சினை இல்லை, கடலும் தூரத்தில் இருந்தது. உள்ளே குடியிருந்தவர் நாகூர் கனி. தெருமுனையில் சரபத் கடை போட்டு தேத்தண்ணி விற்பவர்.

ஒரு சின்ன சங்கதி மட்டும் இருந்தது. ஏலத்தில் வந்தது யாக்கூப் மரைக்காயரின் பாதிப் பங்குதான். மறுபாதி நாகப்பட்டினத்தில் இருந்த அவருடைய தங்கைகள் இரண்டு பேருடையது. வக்கீல் இதைப் படித்துக் காட்டியபோது செல்லக்கண்ணு சிரித்தார்.

"தங்கச்சிங்களுக்கே ஞாபகம் இருக்காது சார். நாம வீட்டுக்குள்ள போயி பால் காய்ச்சிட்டா முடிஞ்சது. அப்புறம் அனுபோகம் நம்மளுது."

இப்படி ஒரு சட்டம் எந்த நாட்டுப் புத்தகத்திலும் இல்லை என்று வக்கீல் எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். செல்லக்கண்ணு கேட்டால்தானே! பால் பொங்கிய வீட்டிலிருந்து யாராவது யாரையாவது கிளப்பி அவர் பார்த்ததில்லை. அதனால் கனிக்குச் சொல்லாமல், ஒரு வெள்ளிக்கிழமை காலை, பூவம்மா, பானை, பால், கற்பூரம், பூசணிக்காய் சகிதமாகப் போய்க் கதவைத் தட்டினார்.

கைலியை இறுக்கிக் கட்டிக்கொண்டே கதவைத் திறந்தார் கனி.

"வாங்கண்ணே, வாங்கக்கா. காலையிலயே பூசணிக்காயோட வந்திருக்கீங்க, என்ன விசேஷம்?"

"என் வீட்டுல பால் காய்ச்ச வந்திருக்கேன் பாய்."

கனி கோபப்படுவார், கத்துவார், நாமும் கத்தலாம் என்று செல்லக்கண்ணு தயாராக வந்திருந்தார். கனி விலகி வழிவிட்டார்.

"பாலுன்னா நல்ல காரியந்தானே. உள்ள வாங்க. கொஞ்சம் பொறுக்கணும், மூணு அடுப்புலயும் கடைக்குப் பால் காயுது."

போய்ப் பார்த்தால் மூன்று பெரிய அண்டாவில் பால் தளதளவென்று கொதித்துக்கொண்டிருந்தது. செல்லக்கண்ணுவுக்குச் சுருக்கென்றது. விட்டுக்கொடுக்காமல், "பால் காய்ச்சுனவனுக்குத்தான் வீடு. தெரியுமில்ல?" என்றார்.

"அப்படியாண்ணே? நா மரைக்காயர் இருந்த காலத்துலேருந்து தெனம் ரெண்டு வேளை இங்க காய்ச்சுறேனே! அப்போ வீடு என்னுதா? யா அல்லா, இத்தன வருஷம் ஒருத்தரும் எங்கிட்ட சொல்லலையே!"

பூவம்மா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். கட்டிக்கொண்டு வந்த நாளிலிருந்து அவள் அப்படிச் சிரித்து அவர் பார்த்ததில்லை. பார்த்த நேரம் சரியில்லை. சிரித்து முடித்ததும், "இன்னொருத்தர் பொழைக்கிற அடுப்புல நா பால் காய்ச்ச மாட்டேன்" என்று சொல்லிவிட்டாள். கொண்டுபோன பாலைக் கனியிடம் கொடுத்தாள். அவர் அதிலேயே தேத்தண்ணி கலக்கி மூன்று பேருக்கும் ஆற்றிக் கொடுத்தார். வீட்டைப் பிடிக்கப் போன பால் செல்லக்கண்ணுவின் வயிற்றுக்குள்ளேயே போய்ச் சேர்ந்தது. சீனி அளவாக இருந்தது என்பதுதான் அவருக்கு இன்னும் எரிச்சல்.

சரி, வீடுதான் இல்லை, வாடகையாவது வரட்டும் என்று மாசா மாசம் போய்க் கேட்டார். கனி ஒரே பதில்தான் வைத்திருந்தார்.

"முழு வீடும் உங்களுதுன்னு ஒரு பத்திரம் காட்டுங்கண்ணே, அன்னிக்கே முழு வாடகை தர்றேன். தப்பான ஆளு கையில கொடுத்துட்டு நாளைக்கு மறுமையில நான் என்ன பதில் சொல்றது?"

கனியைக் காலி பண்ண வைக்கவும் முடியாது. பழைய குடித்தனக்காரனை எழுப்பக் கூடாது, பழைய வாடகையை ஏற்றக் கூடாது என்று சட்டம் இருந்தது. இந்தச் சட்டத்தைச் செல்லக்கண்ணு வாய்க்கு வந்தபடி திட்டுவார். "இதை எழுதுனவன் ஒரு செங்கல்லாவது சொந்தமா வெச்சிருப்பானா?" என்பார். ஆனால் அவருடைய மில்லின் சொந்தக்காரர் வந்து வாடகையை ஏற்றிக் கேட்டால் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்து, "சட்டம்னு ஒண்ணு இருக்குல்ல சார்? ஏழை பாழைங்களுக்காக எவ்வளவு யோசிச்சு எழுதியிருக்கான்!" என்பார். இரண்டையும் ஒரே நாளில் சொல்லியிருக்கிறார். எனக்கே வயிறு எரிகிறது, மில் சொந்தக்காரருக்கு எப்படி இருந்திருக்கும்!

இதில் இன்னொரு கூத்து. வரி கட்டாதவர்களின் சொத்தைத் தேடித் தேடி வாங்கிய அந்த மனுஷன், வாடகையே வராத அந்த வீட்டுக்கு வருஷம் தவறாமல் ஓடிப்போய் வரி கட்டினார். கட்டாவிட்டால் ஏலத்தில் போய்விடுமே!

இப்படியே எட்டொன்பது வருஷம் ஓடியது. பூவம்மாவின் பானை உத்தரத்திலேயே கறுத்துப்போனது. மூத்த பெண்ணுக்குத் தும்மல் போய் மூச்சிழுப்பு வந்தது. டாக்டர், "இந்த மிளகாய்த் தூள்ல இருந்து பொண்ண வெளிய கொண்டு போங்க, இல்லாட்டி நெஞ்சு தாங்காது" என்று முகத்துக்கு நேரே சொன்னார். அன்றைக்குப் பூவம்மா அழுதாள். மறுநாள் அழவில்லை, புடவையை மாற்றிக்கொண்டு தனியாக வீட்டு வாரிய ஆபீசுக்குப் போனாள். தோ பாயோவில் அடுக்கு மாடி எழும்பிக்கொண்டிருந்த நேரம். மில்லுக்கு வரும் பாதிப் பெண்கள் அங்கே பதிந்து வைத்திருந்தார்கள்.

ஆபீசில் இருந்த தமிழ்ப் பெண் மரியாதையாகத்தான் கேட்டாள். "அம்மா, உங்க குடும்பத்துல யாருக்காவது வேற வீடு இருக்கா?"

"பேருக்கு ஒண்ணு இருக்கும்மா. உள்ள போக முடியாது, வாடகை வராது, விக்கவும் முடியாது."

"பேருக்கு இருந்தாலும் வீடுதானேம்மா. அது போனாத்தான் இது கிடைக்கும்."

பூவம்மா நேரே மில்லுக்கு வந்தாள். ஓடிக்கொண்டிருந்த மெஷினைத் தன் கையாலேயே நிறுத்தினாள்.

"குடியிருக்கத்தான் உதவலன்னு பாத்தேன். இப்போ வேற எடத்துல குடியிருக்கவும் விடாதுங்குது உங்க வீடு. அதை யாரு தலையிலயாவது கட்டுங்க. இல்லேன்னா பொண்ணுங்களக் கூட்டிக்கிட்டு நா எங்கயாவது ஒரு ரூமுக்குப் போயிடுவேன். நீங்க இந்த மெஷினோட படுத்துக்குங்க."

அவள் சொன்னால் செய்வாள் என்று அவருக்குத் தெரியும். பயந்துபோனார். தெரிந்தவர்களிடமெல்லாம் வீட்டை எடுத்துக்கொள்ளச் சொன்னார். எல்லோரும் சிரித்தார்கள். அந்த வீட்டின் அழகை இத்தனை வருஷமாக மில்லில் உட்கார்ந்து ஊருக்கெல்லாம் புலம்பியவர் அவர்தானே! சும்மா கொடுக்கிறேன் என்றார். தங்கைகள் பங்கு தீராத வீடு சும்மாவும் வேண்டாம் என்றார்கள்.

அப்போதுதான் மறுபடியும் அவருக்கு மூளை வேலை செய்தது. வந்த வழியிலேயே அனுப்பிவிட்டால் என்ன? வரி கட்டுவதை நிறுத்தினார். முதல் நோட்டீஸ் வந்ததும் பூவம்மாவுக்குப் படித்துக் காட்டினார். இரண்டாவது வந்ததும் பெண்களுக்கு ஜிலேபி வாங்கி வந்தார். ஆனால் ஊரார் வீட்டுக்கெல்லாம் சட்டுப்புட்டென்று வந்த ஏலம் அவருக்கு மட்டும் ஆடி அசைந்து வந்தது. வரி ஆபீசில் போய், "எப்ப சார் ஏலம் போடுவீங்க?" என்று கேட்ட ஒரே பாக்கிக்காரர் அவராகத்தான் இருப்பார். இதற்கிடையில் பெரியவள் இரண்டு தடவை ஆஸ்பத்திரிக்குப் போய் வந்தாள். ஒவ்வொரு தடவையும் பூவம்மா உத்தரத்துப் பானையைப் பார்த்தாளே தவிர அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

ஏலத்தன்று பூவம்மாவும் கூடவே வந்து பெஞ்சில் பக்கத்தில் உட்கார்ந்தாள். ஏலக்காரர் நோரிஸ் ரோட்டு வீட்டின் பேரைச் சொன்னதும் அந்த ஹாலில் ஒரு சிரிப்பு எழுந்து அடங்கியது. விலை சொன்னார். ஒரு கையும் அசையவில்லை. இன்னும் குறைத்துச் சொன்னார். ஆளாளுக்குக் கூரையைப் பார்த்தார்கள். கேட்பார் இல்லையென்றால் வீடு திரும்பவும் செல்லக்கண்ணு பேரிலேயேதான் கிடக்கும். செல்லக்கண்ணுவுக்குச் சட்டையெல்லாம் நனைந்துவிட்டது. ஏலக்காரர் கடைசி விலையைச் சொன்னார். அடடா, என்ன விலை! அவ்வளவு மலிவாக ஒரு வீட்டை அவர் வாழ்நாளில் கேட்டதில்லை. பழக்கதோஷம், அவருடைய வலது கை தானாக மேலே போகப் பார்த்தது.

பூவம்மா அந்தக் கையை இரண்டு கையாலும் பிடித்து மடியில் அழுத்திக்கொண்டாள்.

"கையத் தூக்குனீங்க, ஒடிச்சுப்புடுவேன்" என்று பல்லுக்கிடையில் சொன்னாள்.

பின் வரிசையில் ஒரு குரல். "நா எடுத்துக்குறேன்."

நாகூர் கனி. வெள்ளைச் சட்டை, தொப்பி, அதே கைலி.

வெளியே வந்ததும் செல்லக்கண்ணுவுக்கு உயிர் வந்தது. உயிர் வந்ததும் பழைய புத்தியும் வந்தது. "நல்லா மாட்டிக்கிட்டீங்க பாய்! மீதிப் பாதி தங்கச்சிங்களுதுன்னு தெரியுமில்ல?" என்றார்.

"அது முடிஞ்சு போச்சுண்ணே. போன வருஷம் நாகூர் கந்தூரிக்குப் போனேன்ல, நாகப்பட்டினம் பக்கந்தானே, விசாரிச்சுப் போனேன். ரெண்டு பேருக்கும் நல்ல வயசாயிட்டுது. அவங்க பாதி வாடகையை எடுத்து வெச்சிருந்தேன், கொடுத்தேன். அதுக்கு மேல ஒரு தொகை பேசுனோம். மனசார எழுதிக் கொடுத்துட்டாங்க."

"எப்படி வாங்குனீங்க?"

"கேட்டேன். இத்தன வருஷமா யாரும் வந்து கேக்கவே இல்லையேன்னு மூத்தவங்க ஆயிஷாம்மா வருத்தப்பட்டாங்க."

செல்லக்கண்ணு நனைந்த சட்டையை உதறிவிட்டுக்கொண்டார்.

கனி சட்டென்று பூவம்மா பக்கம் திரும்பி, கையிலிருந்த துணிப் பையை நீட்டினார். உள்ளே ஒரு பெரிய பிஸ்கட் டின். "அக்கா, இது உங்க பாதி. வீடு வாங்குன மாசத்துலேருந்து போட்டு வெச்சது. உங்க கையில கொடுத்தாத்தான் வீடு போய்ச் சேரும்."

"இத ஏன்யா அப்பவே எனக்குக் கொடுக்கல?" என்று செல்லக்கண்ணு கத்தினார். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

"நீங்க பாதி கேக்கலையேண்ணே. ஒரு நாளாவது பாதி கொடுங்கன்னு கேட்டீங்களா? ஒவ்வொரு மாசமும் முழுசா கேட்டீங்க. முழுசும் உங்களுது இல்லையே."

பாதி கேட்டிருந்தால் மறுபாதி இன்னொருவருடையது என்று ஒத்துக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதனால்தான் அவர் கேட்கவில்லை. அந்த டின்னிலிருந்துதான் தோ பாயோ வீட்டுக்கு முன்பணம் போனது. பூவம்மா தன் பேரிலேயே பதிந்தாள். ஏன் என்று கேட்க அவருக்குத் தைரியம் வரவில்லை.

பால் காய்ச்சும் நாளில் கனிதான் பால் கொண்டுவந்தார். கறுத்த பானையைப் பூவம்மா புளி போட்டுத் தேய்த்திருந்தாள். பால் ஏறி, நுரைத்து, கிழக்குப் பக்கமாகப் பொங்கி வழிந்தது. மிளகாய் வாடையே இல்லை. பெரியவள் கிட்டே போய் நன்றாக மூச்சை இழுத்து மோந்து பார்த்தாள், தும்மவில்லை. பூவம்மா அடுப்படியில் உட்கார்ந்து, யார் பார்த்தால் என்ன என்று விம்மி விம்மி அழுதாள். செல்லக்கண்ணு சுவரோரமாக நின்றார். பக்கத்தில் போய் அவள் தோளைத் தொடலாமா என்று யோசித்து, தொடாமல் தாழ்வாரத்துக்குப் போய்விட்டார்.

கொஞ்ச நேரம் கழித்து அவள் டம்ளரில் பாலோடு வெளியே வந்தாள். அவர் கனிக்குப் பக்கத்தில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, கீழே தூரத்தில் இன்னும் இடிக்காமல் நின்ற தகரக் கூரை வீடு ஒன்றைக் கண்ணைச் சுருக்கிப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"பாய், அந்தக் கதவுல என்னமோ காயிதம் ஒட்டியிருக்கற மாதிரி இல்ல?"

பூவம்மா டம்ளரை அவர் கையில் வைத்தாள்.

"பாத்தீங்களா பாய்? இந்த வீட்டுல ஒரு வில்லங்கமும் கிடையாதுன்னு ஆபீசுல எழுதிக் கொடுத்திருக்காங்க. இவரை அவங்க பாக்கல."